படத்தில் அவள் ரயில் ஏறிவிடுகிறாள்

ஆங்கிலேயர்கள் தங்களுடைய பழைய நாவல்களை விடவே மாட்டார்கள் போலிருக்கிறது. கொஞ்ச காலம் போனதும் அதே கதையைத் தூசி தட்டி எடுத்து, புது நடிகை, புது மாளிகை, புது மழை என்று மறுபடியும் ஒரு படம் எடுத்துவிடுகிறார்கள். எடுக்கட்டும். அவர்கள் கதை, அவர்கள் காசு. ஆனால் அதையெல்லாம் ஆம்பூரில் பாடமாக நடத்த ஒருவன் இருக்கிறான் என்று அவர்களிடம் யாரும் சொல்லவில்லை. அந்த ஒருவன் நான்தான். பெயர் பிரேம்நாத். பதவி, கௌரவ விரிவுரையாளர். ஒவ்வொரு ஜூன் மாதமும் மறுபடி வேலைக்கான ஆர்டர் கொடுப்பார்களா மாட்டார்களா என்று காத்திருக்கிற வேலைக்கு அப்படி ஒரு பெயர் வைத்தவர் நல்ல தமாஷ் பேர்வழியாக இருந்திருக்க வேண்டும்.

மாலைநேர வகுப்பில் பி.ஏ. ஆங்கிலம் எடுக்கிறேன். படிக்க வருகிறவர்களில் பாதிப்பேர் ஷூ கம்பெனியிலோ தோல் பதனிடும் டேனரியிலோ பகல் முழுக்க உழைத்துவிட்டு வருகிறவர்கள். கம்பெனி பஸ் அவர்களை பைபாஸில் இறக்கிவிடும். நான் வாயைத் திறந்ததும் பின்பெஞ்சில் இரண்டு மூன்று தலைகள் சாய்ந்துவிடும். நான் கோபித்துக்கொள்வதில்லை. எனக்கே கண் சொருகும்போது அவர்களை என்னவென்று கேட்பது?

மேகலா அந்தக் கூட்டத்தில் தூங்காதவள். முப்பதைத் தாண்டியவள், இரண்டு பிள்ளைகளின் தாய். கம்பெனியில் செக்கிங் டேபிள் வேலை. தைத்து வருகிற ஷூவைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, எங்கே தையல் விட்டிருக்கிறது, எங்கே தோலில் கீறல் இருக்கிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். கண்டுபிடித்த இடத்தைக் காட்டி ஒரு சின்னச் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும். அதை அவர்கள் ஆரோ என்பார்கள். என்ன குறை, எதனால் வந்தது என்று ஒரு வரி எழுதவும் வேண்டும். ஆரோ ஒட்டிய ஷூ ரிப்பேர் டேபிளுக்குப் போய்ச் சரியாகி வரும். குறை தெரிந்தும் ஒட்டாமல் விட்டால்தான் குற்றம். இதையெல்லாம் நாள் முழுக்க நின்றுகொண்டே செய்ய வேண்டும். சில நாட்கள் அவள் முழங்கையில் ஒரு சிவப்பு ஆரோ ஒட்டிக்கொண்டே வகுப்புக்கு வரும். “அக்கா, உன்கிட்ட இன்னா டிஃபெக்ட்?” என்று மற்றப் பெண்கள் கிண்டல் செய்வார்கள்.

“டிகிரி முடிச்சா லைன் சூப்பர்வைசர் குடுக்கறேன்னு எச்.ஆர். சொல்லிக்கிறாரு சார்” என்று ஒருநாள் என்னிடம் சொன்னாள். “சூப்பர்வைசர்னா நடுநடுவுல உக்காரலாம். இப்ப வீட்டுக்குப் போறதுக்குள்ள கால் ரெண்டும் வீங்கிப்போவுது.” மற்ற எல்லாப் பேப்பரையும் முடித்துவிட்டாள். கடைசி செமஸ்டரில் இந்த நாவல் பேப்பர் ஒன்றுதான் பாக்கி.

நாவலைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பஞ்சாலை ஊர் ஒன்று. அப்பாவை இழந்த ஒரு பாதிரியார் மகள், ஆலை முதலாளியான மாமா வீட்டுக்கு வந்து சேர்கிறாள். மாமா கடுகடுப்பானவர். அவள் அந்த வீட்டில் சம்பளமில்லாத வேலைக்காரி. கடைசியில் லண்டனில் ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை கிடைக்கிறது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு ரயில் நிலையத்துக்குப் போகிறாள். அங்கேதான் மாமா பக்கவாதத்தில் விழுந்துவிட்டார் என்ற செய்தி வருகிறது. ரயிலை விட்டுவிட்டுத் திரும்பி நடக்கிறாள். மாமாவுக்கு மருந்து ஊற்றிக் கொடுப்பதோடு நாவல் முடிகிறது. படித்து முடித்ததும் எழுந்து முகம் கழுவத் தோன்றும், அவ்வளவு அலுப்பு. ஆனாலும் அந்தக் கடைசி அத்தியாயம் எனக்குப் பிடிக்கும். ஊர் உலகத்தில் நடப்பது அதுதான்.

புதுப் படத்தில் அப்படி இல்லை. புதுப் படத்தில் எதுவுமே அப்படி இல்லை. சாப்பாட்டுக்கே வழியில்லாத பெண் காட்சிக்கு ஒரு உடை மாற்றுகிறாள். அந்தக் காலத்துப் பெரியவர்கள் முன்னால் நேற்றுக் கல்லூரியை முடித்த பெண்ணைப் போல வெடுக்கென்று பேசுகிறாள். மழை வரும்போதெல்லாம் யாராவது யாரையாவது முத்தமிடுகிறார்கள். கடைசியில் மாமா விழுந்த செய்தி ஒரு சீட்டில் வருகிறது. அவள் அந்தச் சீட்டைப் படிக்கிறாள், கிழித்துப் போடுகிறாள், ரயிலில் ஏறிவிடுகிறாள். ஜன்னலோரம் தலைமுடியை அவிழ்த்துவிட்டுச் சிரிக்கிறாள். பின்னால் கிட்டார் வாசிக்கிறார்கள். இதற்கு எதற்கு அந்த நாவலின் பெயர்? புதிதாக ஒரு கதை எழுதிக்கொள்ள வேண்டியதுதானே?

அந்தப் படத்தை வகுப்பில் போடும் எண்ணமே எனக்கு இல்லை. கல்லூரிக்குத் தர மதிப்பீட்டுக் குழு வரப்போகிறது என்ற செய்தி வந்தது. அன்றிலிருந்து நாங்கள் யாரும் பாடம் நடத்தவில்லை. பாடம் நடத்தினோம் என்பதற்கு ஆதாரம் தயாரித்தோம். பிரின்சிபால் என்னைக் கூப்பிட்டார்.

“பிரேம்நாத், உங்க டிபார்ட்மென்ட்ல ஸ்மார்ட் கிளாஸ் போட்டோ ஒண்ணுகூட இல்ல. ஒரு படத்தப் போடுங்க. பசங்க பாக்கற மாதிரி, நீங்க பக்கத்துல நின்னு விளக்கற மாதிரி, இடம் தேதியோட போட்டோ வேணும்.”

“சார், நாவல் இன்னும் பாதிகூட முடியல. அந்த கிளாஸையாவது நடத்தவிடுங்க.”

“அதான் படம் போடறீங்களே, கதை முடிஞ்சிடுமே” என்றார் அவர். அவரைக் குறை சொல்லி என்ன செய்ய. அவருக்கும் தூக்கம் இல்லை.

படத்தைப் போட்டேன். ரயில் கிளம்பியபோது வகுப்பே கை தட்டியது. எத்தனையோ வருடமாக இந்த நாவலை நடத்துகிறேன், ஒருவரும் ஒருமுறைகூடக் கை தட்டியதில்லை. மேகலா மட்டும் தட்டவில்லை. திரையையே பார்த்துக்கொண்டிருந்தவள் எழுந்து நின்றாள்.

“சார், அந்த மாமாவுக்கு இனிமே யாரு சோறு போடுவா?”

எல்லோரும் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. “புக்குலயும் இப்டியேதான் போயிடறாளா சார்?”

நல்ல கேள்வி. ஒரு வகுப்பு முழுக்கப் பேசியிருக்கலாம். ஆனால் எடுத்த போட்டோவில் இடம் பதிவாகவில்லை, மறுபடி எடுக்க வேண்டும் என்று ஆபீஸிலிருந்து ஆள் வந்து வாசலில் நின்றுகொண்டிருந்தார். “அடுத்த கிளாஸ்ல சொல்றேன்மா” என்றேன். அடுத்த வகுப்பு வரவே இல்லை. குழு வந்தது, மாலை போட்டோம், குழு போனது, தேர்வு வந்துவிட்டது. பாடம் முழுவதும் முடிந்தது என்ற தாளில் கையெழுத்துப் போடு என்றார்கள், போட்டேன். எல்லோரும்தான் போட்டோம்.

விடைத்தாள் திருத்தும் முகாம் வேலூரில் நடந்தது. பெரிய ஹால், மின்விசிறி சத்தம், சிவப்பு மை. விடைத்தாளில் மாணவர் பெயரோ கல்லூரிப் பெயரோ இருக்காது, ஒரு போலி எண்தான் இருக்கும். ‘நாவலின் முடிவில் நாயகி எடுக்கும் முடிவை ஆராய்க’ என்று பெரிய கேள்வி ஒன்று கேட்டிருந்தார்கள். என் முன்னால் இருந்த கட்டைப் பிரித்தேன். முதல் தாளில் அவள் ரயில் ஏறிப் போயிருந்தாள். இரண்டாவதிலும் போயிருந்தாள். ஒரு பையன் கிட்டாரைப் பற்றிக்கூட எழுதியிருந்தான். என் வகுப்புத் தாள்கள்தான் எனக்கே வந்திருக்கின்றன என்று நினைத்தேன்.

பக்கத்து நாற்காலியில் வாணியம்பாடிக் கல்லூரி ஒன்றின் ஷஹீன் பானு மேடம் தலையில் கை வைத்துக்கொண்டிருந்தார். “என்ன மேடம்?” என்றேன்.

“அத ஏன் கேக்கறீங்க சார். கட்டு முழுக்க எல்லாரும் ரயில் ஏறிப் போய்ட்டாங்க. எங்க காலேஜ்லயும் அந்தப் படத்தத்தான் போட்டோம், இன்ஸ்பெக்‌ஷனுக்கு. பேஜாராப் போச்சு.”

விசாரித்தால் அந்த வரிசையில் உட்கார்ந்திருந்த எல்லோருடைய கட்டிலும் இதே கதை. எல்லாக் கல்லூரிக்கும் குழு வந்திருக்கிறது, எல்லோரும் அதே படத்தைத்தான் போட்டிருக்கிறார்கள். தலைமைத் தேர்வாளர் ராமமூர்த்தி சாரிடம் போனோம். ஓய்வு பெற இன்னும் கொஞ்ச நாளே இருந்த மனிதர். கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுக் கண்களைத் தேய்த்துக்கொண்டார்.

“சைபர் போட்டா பாதிப்பேர் ஃபெயில். அப்புறம் ரீவேல்யுவேஷன், பேப்பர்ல நியூஸ், நமக்குத்தான் தலைவலி. படத்து முடிவு எழுதினவங்களுக்கும் மார்க் போட்டுடுங்க. அதுவும் ஒரு விதமான வாசிப்புன்னு வெச்சுக்கலாம்.”

எல்லோரும் நிம்மதியாகத் தேநீர் குடித்தோம். அவள் ரயில் ஏறட்டும், மாமா எக்கேடு கெட்டுப் போகட்டும் என்று நானும் மனதாரச் சொல்லிக்கொண்டேன். வந்து உட்கார்ந்து அடுத்த தாளை எடுத்தபோது ஓரத்தில் ஓர் அம்பு வரைந்திருந்தது.

சின்ன அம்பு. பேனாவால் அழுத்தி வரைந்து உள்ளே நிரப்பியிருந்தாள். அது காட்டிய இடத்திலிருந்துதான் நாவலின் முடிவு தொடங்கியது. பக்கத்தில் கம்பெனி ஆங்கிலத்தில் ஒரு குறிப்பு. ‘ஆஸ் பெர் ஃபிலிம். புக் எண்டிங் நாட் டன் இன் கிளாஸ். ரீசன் இன்ஸ்பெக்‌ஷன். சார் கேவ் ஒன்லி ஃபிலிம். மே பி டிஃபரன்ட். பிளீஸ் செக்.’

மேகலா! போலி எண் எதற்கு, இதைவிடப் பெரிய கையெழுத்து வேண்டுமா? எனக்குச் சிரிப்பும் வந்தது, பகீரென்றும் இருந்தது. விடைத்தாளில் திருத்துகிறவருக்குச் சேதி எழுதினால் அது முறைகேடு. தேர்வு விதியில் முதல் பக்கத்திலேயே இருக்கிறது. கெஞ்சி எழுதுகிறவர்கள், சாமி படம் வரைகிறவர்கள், போன் நம்பர் கொடுக்கிறவர்கள் எல்லோருக்கும் அதே விதிதான். இவள் கெஞ்சவில்லை. சந்தேகமான இடத்தில் ஆரோ ஒட்டி, காரணத்தை எழுதி, ரிப்பேர் டேபிளுக்கு அனுப்பியிருந்தாள். அவள் தொழிலில் அதுதான் ஒழுங்கு. தெரிந்தே மறைத்துவிட்டுப் போவதுதான் அங்கே தப்பு.

நான் அந்தக் குறிப்பைப் பார்க்காதவன் போல மார்க் போட்டுவிட்டுத் தாளைக் கட்டுக்கு நடுவில் செருகினேன். ராமமூர்த்தி சார் ஒவ்வொரு கட்டிலும் சில தாள்களை எடுத்துச் சரிபார்ப்பார். என் கெட்ட நேரம், அந்தத் தாள் அவர் கைக்குப் போனது.

“பிரேம்நாத், இத கவனிக்கலியா நீங்க?”

“கவனிச்சேன் சார். படத்து முடிவுக்கு மார்க் போடலாம்னுதானே சொன்னீங்க?”

“அது தெரியாம எழுதினவங்களுக்கு. இந்த ஸ்டூடன்ட் தெரிஞ்சே எழுதியிருக்கு. அது மட்டுமா, வாத்தியார் பாடமே நடத்தலன்னு புகார் வேற. நான் இத மேல அனுப்பாம விட்டா நாளைக்கு என் பென்ஷனுக்கு வம்பு.”

எல்லோரும் படத்தின்படி எழுதி மார்க் வாங்கிவிட்டார்கள். இது படம்தான், புத்தகம் வேறாக இருக்கலாம் என்று ஒருத்தி எழுதியிருக்கிறாள், அவளைப் பிடித்து உள்ளே போட வேண்டுமாம். எனக்கு அப்படி ஒரு ஆத்திரம் வந்தது. பல வருடமாக வராத ஆத்திரம்.

“சார், அந்த வாத்தியார் நான்தான்” என்றேன். “அவ எழுதினது அத்தனையும் நிஜம். நான் நடத்தல.”

அவர் சுற்றுமுற்றும் பார்த்தார். “மெதுவாப் பேசுங்க. உங்கள யார் கேட்டா? ஜூன்ல ஆர்டர் வரணும்ல? பேசாம உக்காருங்க.”

நான் உட்காரவில்லை. ஒரு வெள்ளைத் தாள் வாங்கி, மாணவி எழுதியது உண்மை, பாடம் முடிக்கப்படவில்லை, பொறுப்பு என்னுடையது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு விடைத்தாளோடு சேர்த்துப் பின் செய்தேன். வீட்டுக்கு வந்து கிறிஸ்டினாவிடம் சொன்னேன். என் மனைவி அரிசி களைந்துகொண்டிருந்தாள். ரொம்ப நேரம் களைந்துகொண்டே இருந்தாள். “பாப்பா பத்தாவது போறா, ஞாபகம் இருக்குதுல்ல?” என்று மட்டும் கேட்டாள். இருந்தது. ஆனாலும் அன்றைக்கு நிம்மதியாகத் தூங்கினேன். என் வேலை போகும், அந்தப் பெண் பாஸாகிவிடுவாள் என்று கணக்குப் போட்டிருந்தேன்.

தேர்வு முடிவு வந்தபோது எல்லோரும் பாஸ். மேகலாவுடைய முடிவு மட்டும் நிறுத்தி வைக்கப்பட்டிருந்தது. விசாரணைக்கு அவளையும் என்னையும் வரச் சொல்லிக் கடிதம் வந்தது. பிரின்சிபாலும் வந்தார். எங்களோடு பேசவில்லை, போனிலேயே இருந்தார்.

விசாரணை அறையில் நீள மேஜைக்குப் பின்னால் சிலர் உட்கார்ந்திருந்தார்கள். என்னை முதலில் கேட்டார்கள். நான் எழுதியதையே சொன்னேன். நடுவில் இருந்தவர், பாடம் முழுவதும் முடிந்தது என்று நான் கையெழுத்துப் போட்ட தாளை எடுத்து என் பக்கம் தள்ளினார்.

“இது உங்க கையெழுத்துதானே?”

“என்னுதுதான் சார். போடச் சொன்னாங்க, போட்டேன்.”

“அப்ப இது பொய்யா, இல்ல நீங்க இப்ப சொல்றது பொய்யா?”

“அதுதான் பொய்.”

அவர் பிரின்சிபாலைப் பார்த்தார். பிரின்சிபால் உத்தரத்தைப் பார்த்தார். பிறகு மேகலாவைக் கூப்பிட்டார்கள். கம்பெனிக்கு அரை நாள் லீவு போட்டுவிட்டு யூனிஃபார்ம் கோட்டோடு வந்திருந்தாள். நான் அவளைப் பார்த்துத் தலையாட்டினேன், தைரியமாகச் சொல் என்று. அவள் என்னைப் பார்க்கவில்லை.

“சார் நடத்தினாரு” என்றாள். “புக்கு முழுக்க நடத்தினாரு. நான்தான் அன்னிக்கி வரல, ஓவர்டைம் இருந்திச்சு. பரீட்சைல ஒண்ணும் தெரியல, அதான் அவர் மேல போட்டு எழுதிட்டேன்.”

“மேகலா!” என்று கத்திவிட்டேன். “இன்னா சொல்ற நீ? சார், அவ பொய் சொல்றா. நான் நடத்தவே இல்ல.”

மேஜைக்குப் பின்னால் இருந்தவர்கள் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. நடுவில் இருந்தவர் என்னைப் பரிவோடு பார்த்தார். “மாணவிமேல உங்களுக்கு இருக்கற அக்கறை புரியுது பிரேம்நாத். ஆனா அவங்களே ஒத்துக்கிட்டாங்க. நீங்க ஏன் உங்கள மாட்டிக்கறீங்க? போய் ரெஸ்ட் எடுங்க.” நான் எழுதிக் கொடுத்த தாளை உருவி என்னிடமே திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். அங்கேயே தீர்ப்பும் சொன்னார்கள். அவளுடைய அந்தப் பேப்பர் ரத்து. பொய்க் குற்றச்சாட்டு எழுதியதற்காக அடுத்த தேர்வும் எழுதக் கூடாது.

வெளியே வந்தபோது அவள் கேட்டைத் தாண்டி பஸ் நிறுத்தத்துக்கே போய்விட்டிருந்தாள். மூச்சிரைக்க ஓடிப்போய்ப் பிடித்தேன்.

“ஏம்மா இப்டி பண்ண? நிஜத்த எழுதின, நிஜத்தயே சொல்லியிருக்கலாமே?”

“நேத்து பிரின்சிபால் கம்பெனி கேட்டுக்கே வந்துட்டாரு சார். நான் எழுதினது நிஜம்னு ஆயிட்டா உங்களுக்கு ஜூன்ல ஆர்டர் வராதுன்னாரு. உங்க பொண்ணு பத்தாவதாமே.”

“அதுக்கு? உனக்கு ஒரு வருஷம் போச்சு. சூப்பர்வைசர் போஸ்ட்ட வேற யாருக்காவது குடுத்துடுவாங்க. இன்னும் எத்தினி நாள் அந்த டேபிள்ல நிப்ப?”

“நிப்பேன், இன்னா இப்ப. பழகிப்போச்சு.” தோளிலிருந்த பையை இழுத்து விட்டுக்கொண்டாள். “எனக்குக் கம்பெனி இருக்குது சார். பி.எஃப். புடிக்கிறாங்க, புள்ளைங்களுக்கு இ.எஸ்.ஐ. இருக்குது. இந்தப் படிப்பு இல்லன்னாலும் நாளைக்கிக் காலைல பஸ் வந்து என்னை ஏத்திக்கினு போவும். உங்களுக்கு இன்னா சார் இருக்குது?”

அவள் குத்திக் காட்டவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள், கவலையோடு கேட்டாள். இத்தனை வருடத்தில் என்னிடம் அதை யாரும் கேட்டதில்லை. கிறிஸ்டினாகூடப் பயந்துகொண்டு கேட்டதில்லை. பஸ் நிறுத்தத்தில் அத்தனை பேர் பார்க்க எனக்கு அழுகை வந்துவிட்டது.